பிளக்கில் ஒரு பொட்டு

கெங்கம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையைப் பார்த்து வளைந்தபடியே நின்றுவிட்டன. குழாயடியில் அவள் குடத்தைத் தூக்கும்போது, புதிதாகக் குடிவந்த பெண்கள் அந்தக் கையைப் பார்ப்பார்கள்.

"இன்னாக்கா, எண்ணெய்ச் சட்டியா?" என்று யாராவது ஒருத்தி கேட்டும்விடுவாள்.

"அப்டித்தான் வெச்சுக்கோயேன்" என்று சொல்லிவிட்டுக் கெங்கம்மா நடந்துவிடுவாள்.

எண்ணெய்ச் சட்டி இல்லை. அந்த விரல்களை வளைத்தது ஒரு பாட்டுப் பெட்டி.

கெங்கம்மா திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு விடியற்காலை அவளுடைய அப்பா கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மரம் மூன்றாம் நாள் கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் அவள் தாய் தினமும் மத்தியானம் கரையில் போய் நின்றுகொண்டிருந்தாள். நெற்றிப் பொட்டை அழிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று அவளுக்கு. பெண்ணுக்குக் கல்யாண வயது வந்ததும் அந்தத் தாய் ஒரே ஒரு பிடிவாதம்தான் பிடித்தாள்.

"என் பொண்ணு கரையில நிக்கக் கூடாது. கம்பெனிச் சங்கு ஊதினா வூட்டுக்கு வர்ற ஆம்பளைக்குத்தான் குடுப்பேன்."

அப்படிக் கிடைத்தவன் சுப்புராயன். உறவுக்காரன்தான். கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவன். ராயபுரத்தில், ஐந்து ஒண்டுக்குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில், ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மறைப்புமாக அவர்கள் குடித்தனம் தொடங்கியது. அங்கேதான் கெங்கம்மா முதன்முதலாக ஒரு ஸ்விட்சைத் தன் விரலால் அமுக்கினாள். விளக்கு எரிந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுப்புராயன் சிரித்து உருண்டான்.

சாயங்காலம் சங்கு ஊதும். அவன் வருவான். நீலா பிறந்தாள். பயம் என்பதையே கெங்கம்மா குப்பத்தில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்தாள்.

சுப்புராயனின் வேலை ரிவெட் வேலை. கப்பலின் கொதிகலத்துக்கு வெளியே நின்று ஒருவன் சம்மட்டியால் ஆணியை அறைவான். உள்ளே, அந்த இரும்புக் குகைக்குள் குந்திக்கொண்டு, ஆணியின் தலையை ஒரு கனத்த இரும்பால் முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பவன் சுப்புராயன். ஒவ்வோர் அடியும் அவன் மண்டைக்குள்தான் விழும். பதினாறு வருஷம் விழுந்தது.

முதலில் காக்கை கத்துவது கேட்காமல் போயிற்று. பிறகு ஓட்டின்மேல் மழை விழுவது. பிறகு மகளின் குரல்.

"நீலா பேசறது கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு பேசற மாதிரி கீதுமே" என்றான் ஒரு நாள், கத்தி. தான் கத்துகிறோம் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

அந்த மனிதனுக்கு உலகத்தில் ஆசை என்று ஒன்று இருந்ததென்றால் அது நாகசுரம். கல்யாணத்துக்கு முன்பெல்லாம் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போவான். கோயில் உற்சவத்தில் சாமி புறப்பட்டு நிலைக்கு வரும்வரை வாசிக்கிறவரின் பின்னாலேயே போவான். காது போன அந்த வருஷமும் போனான். வாசிக்கிறவருக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றான். கன்னம் உப்புவது தெரிந்தது. விரல் ஓடுவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்படி அழுதான்.

கெங்கம்மா என்ன செய்வாள்? அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி வந்தது அந்தச் சமயத்தில்தான். பழுதுக்கு வந்த ஒரு பழைய கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு வைப்பதற்காக இருந்த ஆம்பிளிபயர். கழித்துக் கட்டியது எப்படியோ மூர்மார்க்கெட் பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து சுப்புராயனின் கண்ணில் பட்டுவிட்டது. ரேடியோ பழுது பார்க்கும் கருணாகரன் அதை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கீழே கறுப்பு மரத்தில் ஸ்பீக்கர் பெட்டி. அதன் தலைமேல், கவிழ்த்துவைத்த தட்டைப்போல ஓர் இரும்புப் பெட்டி. அந்த இரும்பின்மேல் மூடியே இல்லாமல் பல்பு மாதிரி ஐந்து கண்ணாடி வால்வுகள் நின்றன. பக்கத்தில் இசைத்தட்டு சுழலும் சாதனம்.

"கப்பல்ல இருந்தா வந்திச்சி?" என்று கேட்டாள் கெங்கம்மா.

"ஆமா, கப்பல் சாமான். சீமைச் சாமான்!" என்றான் சுப்புராயன் பெருமையாக.

அவள் கேட்டது அதை இல்லை. கடல் தன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதா என்றுதான் கேட்டாள். யாருக்கு அது புரியும்?

கருணாகரன் ஒரு சின்ன பல்பை ஒயரில் கட்டி, இரும்பில் வைத்து வைத்துப் பார்த்தான். பிறகு கெங்கம்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணனுக்குச் சொன்னா பாதிதான் கேக்கும். நீ நல்லாக் கேட்டுக்கோ. இது கப்பல் கரண்ட்டுக்குன்னு செஞ்ச பெட்டி. இந்த பிளக் பாரு. ரெண்டு காலும் ஒரே மாதிரி கீதா? எப்டித் திருப்பிப் போட்டாலும் சுவத்துல போவும். இப்டிப் போட்டா இரும்பு வெறும் இரும்பு. திருப்பிப் போட்டுட்டா இந்த இரும்பு முழுக்க கரண்ட்டு."

"திருப்பிப் போட்டா பாட்டு வராதா?"

"ரெண்டுலயும் ஒரே மாதிரி பாடும்."

"அப்ப இன்னான்னு கண்டுபிடிக்கிறது?"

"தொட்டாத் தெரிஞ்சுடும்" என்று சொல்லிச் சிரித்தான் கருணாகரன். அவன் மட்டும்தான் சிரித்தான்.

பிளக்கின் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்தான். இந்தக் குறி மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரும்பில் கை படுவதாக இருந்தால் ஈரக்கால் கூடாது, மண்தரையும் கூடாது, மரப்பலகைமேல் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். பென்சில் குறி அழியத் தொடங்குவதற்குள் கெங்கம்மா குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசற்படிக்கு மஞ்சள் பூசிய கையோடு அந்தப் பொட்டையும் புதுப்பித்தாள்.

"சாமி படத்துக்கு அப்பறம், பிளக்குக்கு மொதல்ல" என்று சுப்புராயன் கேலி செய்தான்.

பெட்டி வந்த அன்றே அவன் முதல் தட்டை வைத்தான். வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை பெட்டி பேசவில்லை. பிறகு ஓர் உறுமல். பிறகு நாகசுரம், வீடே அதிரும்படி. சுப்புராயன் மெதுவாகக் குனிந்து தன் இடது உள்ளங்கையை அந்த இரும்பின்மேல் வைத்தான். ஸ்பீக்கரின் அதிர்வெல்லாம் இரும்பு வழியாக அவன் கைக்குள் ஏறியது. காதில் கொஞ்சம், கையில் கொஞ்சம். இரண்டும் சேர்ந்து அவன் முகத்தில் என்னவோ நடந்தது.

"தோடிமே!" என்று அலறினான். "கெங்கா, தோடி! எனுக்குக் கேக்குது!"

கண்ணீர் தாடையில் வழிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தப் பெண்சாதி அந்தப் பெட்டியை வெளியே தூக்கிப் போடுவாள்?

ஆனால் அன்றிலிருந்து அவள் நிம்மதி போயிற்று. பாட்டு கேட்க வேண்டுமென்றால் அவன் அந்த இரும்பைத் தொட வேண்டும். தொட்டால், ஒரு பிளக் திரும்பினால், அவன் இல்லை.

சுவரில் பிளக்கைச் செருகும் வேலையை அவள் வேறு யாருக்கும் விடவில்லை. பாட்டு முடிந்ததும் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவாள். பலா மரத்தில் செய்த ஒரு மணை இருந்தது. அதன்மேல் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்தால்தான் தட்டு வைக்கலாம் என்று சட்டம் போட்டாள். நீலாவிடம் மட்டும் காரணம் சொல்லவில்லை. "கிட்ட போவாதே" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பதினொரு வயதுப் பெண், அப்பாவை நினைத்துப் பயந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்ற எண்ணம்.

பெட்டியோ நாளுக்கு ஒரு புதுப் பயத்தைக் கொடுத்தது. கோடையில் அது எரிந்துகொண்டிருந்தால் அந்த அறையில் உட்கார முடியாது. உப்புக் காற்று பட்டுப்பட்டு உள்ளே ஒயர் முனைகளெல்லாம் துருவேறிப் படபடவென்று பொரிந்தன. அந்தப் பொரிச்சல் சுப்புராயனுக்குக் கேட்காது. அவனுக்காக அவள்தான் கேட்க வேண்டும். சமையல் மறைப்புக்குள் நின்றுகொண்டு, ஒரு காதை அடுப்புக்கும் ஒரு காதைப் பெட்டிக்கும் கொடுத்திருப்பாள். வால்வு ஒன்று செத்தால் இன்னொன்று கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில்தான் அவள் நன்றாகத் தூங்குவாள். அப்படித் தூங்குவதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஒரு தடவை பழைய சேலையை நாலாக மடித்து அதன்மேல் போர்த்தினாள். பாதித் தட்டு ஓடுவதற்குள் தீய்ந்த நாற்றம் வந்தது. எடுத்துப் பார்த்தால், சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை, ஓரமெல்லாம் கனிந்துகொண்டிருந்தது.

இன்னொரு தடவை மேலேயிருந்து ஒரு பல்லி வால்வுகளுக்கு நடுவே விழுந்து, அடியிலிருந்த சந்துக்குள் நழுவியது. சுர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாகசுரம் நிற்கவே இல்லை. சுப்புராயன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். கெங்கம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அந்தப் பல்லியை எடுக்கப் போனதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிளக்கைப் பிடுங்கி, அதை அவள் கையிலேயே வைத்திருந்தாள். சுப்புராயன் பெட்டியைச் சாய்த்து அடியில் விரலை விட்டான். யாரோ உதைத்ததுபோல் பின்னால் போய்ச் சுவரில் விழுந்தான்.

கருணாகரன் வந்து பார்த்துவிட்டு, "கழட்டினாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட்ட பிடிச்சு வெச்சிருக்கும் அக்கா. உள்ள மட்டும்தான். மேல இரும்புல வராது" என்றான் சாதாரணமாக.

"பிடுங்கி கையில வெச்சிருந்தேன்யா! அப்பவும் கடிக்குமா?"

"உள்ள கைய வுட்டா கடிக்கும்."

கடலுக்காவது முகம் உண்டு. மேகம் கறுக்கும், காற்று திரும்பும், நுரை நிறம் மாறும். பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிடலாம். இந்தப் பெட்டிக்கு என்ன முகம்? கொல்லுவதாக இருந்தாலும் பாடுவதாக இருந்தாலும் அதே சிவப்பில்தானே எரிந்தது!

பக்கத்துக் குடித்தனத்தில் அஜீசுன்னிசா இருந்தாள். அந்த வீட்டின் மெயின் ஸ்விட்சு அவளுடைய வாசற்சுவரில்தான் இருந்தது.

"அரே கெங்கா, உன் வூட்டுக்காரரு பாட்டு கேக்குறாரா, ராயபுரத்துக்கே கேக்க வெக்குறாரா? என் மாமியார் செவுடு. அவங்களே எழுந்து உக்காந்துட்டாங்க" என்பாள்.

"ஆப்பா" என்றாள் கெங்கம்மா, அவர்கள் வீட்டு வழக்கப்படி அக்கா முறை வைத்து. "ஒண்ணே ஒண்ணு. நான் எப்பவாச்சும் கத்தினா, இன்னா ஏதுன்னு கேக்காம அந்த மெயினைத் தள்ளி வுட்டுடு."

அஜீசுன்னிசா சிரிப்பை நிறுத்தினாள். "அவ்ளோ பயமா உனக்கு?"

கெங்கம்மா அந்த மெயினின் பிடி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஆயுத பூஜை வந்தது. துறைமுகக் கொட்டகையில் சம்மட்டிகளுக்கும் உலைக்கும் பூஜை போட்டுவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு சுப்புராயன் வீட்டுக்கு வந்தான். வீட்டில் பூஜைப் பொறுப்பை அந்த வருஷம் நீலா எடுத்துக்கொண்டாள். கெங்கம்மா கொண்டைக்கடலைச் சுண்டலும் வடையுமாக அடுப்படியில் கிடந்தாள்.

மகள் அமர்க்களமாகச் செய்திருந்தாள். பலா மணையை நடுவில் போட்டுக் கோலமிட்டு, சரசுவதி படத்தைச் சாத்தி, அதன்மேல் புத்தகங்கள், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பெட்டியின் இரும்புக்கும் மூன்று பொட்டு. ஆணியில் மாட்டியிருந்த பிளக்கும் சந்தனம் பூசிக்கொண்டு, நடுவில் சிவப்பாகப் பொட்டு வைத்துக்கொண்டு தொங்கியது.

கெங்கம்மா அதைப் பார்த்தாள். பொட்டு இருந்தது. மனம் சமாதானமாயிற்று. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஏன் அவளுக்குத் தோன்றவில்லை! எத்தனையோ ராத்திரி விழித்துக் காத்தவளுக்கு, அந்த ஒரு கணம் மட்டும் கண் மூடிக்கொண்டதே!

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. எதையும் அன்று புதிதாகத் தொடங்குவது வழக்கம். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. ஓட்டில் ஒழுகி அறையின் தரை நசநசவென்று இருந்தது. அதைக் கூட்டிக் கழுவிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கெங்கம்மா குழாயடிக்குப் போனாள்.

சுப்புராயன் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்தான். நல்ல நாள், முதல் தட்டை உடையவன் கைதான் தொடங்க வேண்டும் என்று நினைத்தான். மணையின்மேல் சாமி இருந்தது. சாமியை இறக்க மனம் வரவில்லை. தரையிலேயே குந்தினான். ஆனால் பிளக்கை மட்டும் கவனமாகப் பார்த்தான். அவனும் அஜாக்கிரதைக்காரன் இல்லை. பொட்டு மேலே இருக்கும்படி பார்த்துத்தான் செருகினான். ஸ்விட்சைத் தட்டினான்.

கெங்கம்மா நிறைகுடத்தோடு வாசலுக்கு வந்தபோது வால்வுகள் மங்கலாகச் சிவந்துகொண்டிருந்தன. அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் பார்வை முதலில் சுவருக்குத்தான் போயிற்று. பிளக். மேலே பொட்டு. மூச்சு வந்தது.

"எம்மா, பிளக்குக்கு நான்தான் வெச்சேன். நல்லா கீதா?" என்றாள் வாசலில் தலை வாரிக்கொண்டிருந்த நீலா.

"நல்லாக் கீது கண்ணு. பழைய பொட்டு மேலயே வெச்சியா?"

"அத்தெல்லாம் ஈரத்துணியால தொடைச்சிட்டேன்மா, ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. தொடைச்சிட்டு ரெண்டு பக்கமும் வெச்சேன். ஒரு பக்கம் வெச்சா இன்னொரு பக்கம் கோச்சுக்காதா?"

குடம் இடுப்பிலிருந்து நழுவியது.

"நீலா நைனா! தொடாதே! தொடாதே!"

தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும் அந்தக் கத்தல். சுப்புராயனுக்கு மட்டும் கேட்கவில்லை. வால்வு நன்றாகச் சிவந்துவிட்டது. அவன் ஊசியைத் தட்டின்மேல் இறக்கினான். நாகசுரம் எழுந்தது. இடது கையை வழக்கம்போல மெதுவாகத் தூக்கினான், ஆசையோடு, பிள்ளையின் தலையைத் தடவப் போகிறவனைப் போல.

கெங்கம்மா ஓடினாள். ஈரத்தரையில் கால் சறுக்கியது. சறுக்கிய வேகத்திலேயே பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட கை நிற்கவில்லை. அவளுடைய நடுவிரலும் மோதிர விரலும் இரும்பின் விளிம்பில் போய் மாட்டின.

மாட்டியவை திரும்பி வரவில்லை. கை தானாக இறுகிப் பிடித்துக்கொண்டது.

சுப்புராயன் திகைத்துத் திரும்பினான். பெண்சாதி தன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது. சத்தம் இல்லை. ஐயோ, அவனுக்கு எல்லார் வாயும் அப்படித்தானே! திறக்கும், மூடும், சத்தம் வராது. அவள் ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்தான்.

"இன்னாமே, இன்னா சொல்றே?" என்று சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தொட்டான்.

அந்தத் தொடலில் தூக்கி எறியப்பட்டான். தரையில் விழுந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. தோள் சூடு இன்னும் விரலில் இருக்க, தவழ்ந்து போய், பிளக்கின் ஒயரை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து பிய்த்து எறிந்தான். பெட்டி ஸ்பீக்கர் மேலிருந்து சரிந்து விழுந்தது. வால்வுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கெங்கம்மா அந்தக் கண்ணாடித் தூள்மேல் சாய்ந்தாள்.

அஜீசுன்னிசா அதற்குள் மெயினைத் தள்ளிவிட்டு முக்காடு நழுவ ஓடிவந்திருந்தாள். அவள்தான் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்து, "கீறா! உயிரோட கீறா! வண்டி கூப்புடுங்க!" என்று அலறியவள்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். விரல் போகவில்லை, ஆனால் வளைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த அன்று நீலா மூலையிலிருந்து எழுந்து வரவில்லை. பதினெட்டு நாளாக அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம்.

கெங்கம்மா இடது கையால் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீ பண்ணதில்லடி. உனக்குச் சொல்லாம வெச்சேன் பாரு, அது நான் பண்ணது." தாயும் மகளும் அன்றைக்கு அழுத அழுகையைச் சுப்புராயன் கண்ணால்தான் பார்த்தான்.

பெட்டியை அவன் கோணிப்பையில் கட்டி மூலையில் தள்ளிவிட்டான். அதன் பேச்சையே எடுக்கவில்லை. கெங்கம்மாவும் எடுக்கவில்லை. மாசி வரை அந்த வீட்டில் பயம் இல்லை.

ஆனால் அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். கூட்ஸ் வண்டி போகிற நேரத்தில் அவன் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பான். துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதும்போது தண்ணீர் அண்டாவில் கை வைப்பான். நீலா பாடம் சத்தம் போட்டுப் படிக்கையில் பின்னால் போய் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொள்வான். எதையாவது கேட்கிறானா, கேட்கவில்லையா, தெரியாது. நாளாக ஆக அதையும் விட்டுவிட்டான். சங்கு ஊதி வீட்டுக்கு வந்தால், வந்த இடத்தில் உட்கார்ந்து, போட்டதைத் தின்றுவிட்டு, அங்கேயே சுருண்டு படுத்தான். ஆள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் கெங்கம்மாவுக்குத் தன் தாயைப் போலக் கரையில் நிற்பதுபோலவே இருந்தது.

ஒரு நாள் அவள் கருணாகரன் கடைக்கு நடந்தாள்.

"வால்வு போட்டுக் குடு."

அவன் அவள் கையைப் பார்த்தான். "அக்கா, உனக்கு இன்னா பைத்தியமா? அந்தச் சனியனை இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போடு."

"அந்தாளு செத்துக்கினு கீறாருய்யா. பெட்டி இருந்தா ஒரு நாள் சாவாரு. இல்லாட்டி தெனம் சாவறாரு. நீ வால்வு போடு."

வால்வுகள் சேர இரண்டு மாதம் ஆயிற்று. சுப்புராயன் முதலில் பெட்டியைத் தொட மாட்டேன் என்றான். அவளுடைய வளைந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று கத்தினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிளக்கின் ஒரு காலைக் கழற்றிவிட்டு, பித்தளைக் கம்பியில் தடிமனாக வேறொரு கால் செய்து மாட்டினான். அதற்கேற்ற அளவில் சுவர் துளை ஒன்றையும் பெரிதாக்கினான். கருணாகரன் பல்பு வைத்துப் பார்த்துச் சரி என்றான்.

"ரிவெட்ல எப்டியோ அப்டித்தான்மே. தடி ஆணி சின்ன ஓட்டையில போவாது. இனிமே நீயே நெனைச்சாலும் திருப்பிப் போட முடியாது" என்றான் சுப்புராயன்.

கெங்கம்மா பிளக்கை வாங்கித் தலைகீழாகச் செருகிப் பார்த்தாள். போகவில்லை. நீலாவைச் செருகச் சொன்னாள். போகவில்லை. முழு பலத்தோடு அழுத்தினாள். போகவில்லை. கெங்கம்மாவின் முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

கருணாகரன் செருப்பை மாட்டிக்கொண்டே, "தெருக் கம்பத்துல ஆளுங்க வந்து கம்பிய மாத்திப் போட்டா மட்டும் என்னைக் கூப்புடுங்க. அப்ப இதும் மாறிப்புடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெளிவு வந்த இடம் தெரியாமல் போயிற்று.

இப்போதும் சாயங்காலம் சங்கு ஊதியதும் சுப்புராயன் வருவான். கையைத் துடைத்துக்கொண்டு மணைமேல் காலை மடித்து உட்காருவான். கெங்கம்மா முதலில் தெருவுக்குப் போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். பிறகு பிளக்கைச் செருகுவாள். பிறகு அஜீசுன்னிசாவின் வாசலுக்குப் போய், மெயின் ஸ்விட்சின் பிடியில் வலது கையை வைத்துக்கொண்டு நிற்பாள். நிமிராத இரண்டு விரலும் அந்தப் பிடிக்கென்றே வளைத்ததுபோல் சரியாகப் பொருந்தும்.

"உக்காந்துகிட்டுப் புடிச்சுக்கோயேன், கெங்கா" என்று அஜீசுன்னிசா ஒரு முக்காலியைத் தள்ளுவாள். அவள் உட்கார மாட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாக அவன் முதுகும், இரும்பின்மேல் வைத்த கையும் தெரியும். அந்தக் கை அசைகிறதா, அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டு நிற்பாள். விரல் ஒன்று தாளம் போட்டால் அவளுக்கு மூச்சு வரும்.

தட்டு முடிந்ததும் அவன் திரும்பி வாசலைப் பார்த்துக் கத்துவான்.

"கேட்டியா கெங்கா? இன்னா வாசிப்பு!"

அவள் தலையை ஆட்டுவாள். நாகசுரத்துக்கு அடியில் வண்டு மாதிரி கரண்ட்டின் உறுமல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமே, அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.